பாக்கு எடுத்த பாலம்

எழுபத்து நாலாம் வருஷம் மாசி மாதம், சேலம் டவுனிலிருந்த ஐந்து கண் கல்பாலம் ரபியாவின் மகள் ஜமீலாவுடைய கலியாணத்துக்காக ஏற்காட்டு மலைக்கு ஏறி வந்தது. அதற்கு முன்னால் நூறு வருஷத்துக்கும் மேலாகத் திருமணிமுத்தாற்றின் குறுக்கே நின்ற பாலம் அது. நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததாகத் தகவல் இல்லை. வந்தது ஒரு வியாழக்கிழமை. அடிவாரத்துச் சோதனைச் சாவடியில் அதை யாரும் நிறுத்தவில்லை, சரக்கு ஒன்றும் ஏற்றியிருக்கவில்லையாம். மலைப்பாதையில் மொத்தம் இருபது கொண்டை ஊசி வளைவு. பாலமோ நீளமானது, வளையத் தெரியாதது. ஆகவே ஒவ்வொரு வளைவிலும், மரம் ஏற்றிய லாரிகள் செய்கிற மாதிரி, முன்னே போய்ப் பின்னே வந்து மறுபடி முன்னே போய்த்தான் திரும்ப வேண்டியிருந்தது. ஒன்பதாவது வளைவில் மேலேயிருந்து இறங்கிக்கொண்டிருந்த பஸ்ஸை டிரைவர் லூர்துராஜ் ஓரங்கட்டி நிறுத்தினார். மலையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும், பாலம் ஏறிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான் விஷயம் என்று அவர் பிற்பாடு கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். பாலத்தின் மேல், கைப்பிடிச் சுவர் ஓரமாகப் பூக்காரி ராசம்மாள் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸிலிருந்த ஒரு பெண் ஜன்னல் வழியாக முழம் என்ன விலை என்று கேட்டதற்கு, மேலே போகப் போக ஏறும், வாங்குவதானால் இங்கேயே வாங்கிக்கொள் என்று ராசம்மாள் பதில் சொன்னாள்.

சேலத்துக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் பார்க்காமல் போகாத பாலம் அது. கடைவீதிக்குப் பக்கத்தில், டவுனுக்கு நட்ட நடுவில் இருந்தது. யார் கட்டியது என்பதில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். கட்டின காரையில் கருப்பட்டியும் கடுக்காயும் சேர்த்து அரைத்தார்கள் என்பதில் மட்டும் எல்லாக் கதையும் ஒத்துப்போகும். வந்தவர்கள் நடுவில் நின்று போட்டோ பிடித்துக்கொள்வார்கள். உள்ளூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகமாகக் கடந்துபோவார்கள். ஆறு அந்தக் கதிக்கு வந்திருந்தது. ரபியா பிறந்தது பாலத்தின் கிழக்குப் பக்கம் இறங்கினால் வருகிற சந்தில். அவளுடைய அத்தாவுக்குச் சந்து முனையில் குடைக்கடை. நடை பழகுகிற வயதில் ரபியா பிடித்து நடந்தது அந்தப் பாலத்துக் கைப்பிடிச் சுவரைத்தான். ஏற்காட்டில் மளிகைக்கடை வைத்திருந்த அப்துல் மஜீதுக்கு வாழ்க்கைப்பட்டு மலையேறியபின், வருஷத்துக்கு இரண்டு முறை பஸ் பிடித்துத் தாய்வீடு போவாள். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து, பாலத்தின் மேற்கு முனையில் கால் வைத்ததுமே அவளுக்கு வீடு வந்துவிட்ட மாதிரி இருக்கும். அத்தாவும் அம்மாவும் காலமான பிறகு குடைக்கடையும் வீடும் தம்பி ரஹமத்துல்லாவுடையவை ஆயின. அவன் இருக்கிற இடம்தான் அவளுக்குத் தாய்வீடு.

அந்தத் தம்பியோடுதான் பிணக்கு வந்தது. ரஹமத்துல்லாவின் மகனுக்கு ஜமீலா முறைப்பெண். இரண்டும் தொட்டிலில் கிடந்தபோதே பெரியவர்கள் பேசி வைத்துவிட்டார்கள். ஆனால் ஜமீலா வளர்ந்து, அடிவாரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஹனீபாவைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற அடிவாரத்தில் பஸ் நிற்கிற கொஞ்ச நேரத்தில், ஒன்றரை வருஷமாக, நடந்த சங்கதி. மாமன் வீட்டுக்குப் போனால் மூச்சு முட்டுகிறது, நிமிர்ந்து பார்த்தால் ஒரு மலையாவது பக்கத்தில் தெரிய வேண்டாமா என்று அவள் கேட்டபோது அப்துல் மஜீதுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஹனீபாவும் நல்ல பையன். அவன் பஞ்சர் ஒட்டினால் டியூப் கிழிந்தாலும் கிழியுமே தவிர ஒட்டு விடாது என்று பெயர் எடுத்தவன். பேச்சு முடிந்தது, நாள் குறித்தார்கள். இதை ரபியா தம்பியிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்று தள்ளிப்போட்டாள். அதற்குள் அடிவாரத்திலிருந்து குடைக்குக் கம்பி மாற்ற வந்த ஒரு ஆள், உங்க அக்கா மகளுக்குக் கலியாணமாமே என்று ரஹமத்துல்லாவிடமே விசாரித்துவிட்டான். ரஹமத்துல்லா அந்தக் குடையை ரிப்பேர் செய்யாமல் திருப்பிக் கொடுத்தான். அவனுடைய மகனுக்கு இதில் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அவன் ரேடியோவில் கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்தக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. நிக்காஹ் நாளன்று மணப்பெண்ணை அறையிலிருந்து பெண்கள் பந்தலுக்குத் தாய்மாமன்தான் கைப்பிடித்து அழைத்து வருவான். மாமன் வராத வீட்டில், பெண்ணின் அம்மாவை அவளுடைய பிறந்த வீடு தலைமுழுகிவிட்டது என்று அர்த்தம். மாப்பிள்ளையின் அம்மா கதீஜா நல்ல மாதிரிதான், ஆனால் இதை மட்டும் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"சீரு செனத்தி நாங்க ஒண்ணும் கேக்கலைங்க. பொண்ணைக் கைப்புடிச்சுக் கூட்டியார மாமன் இருந்தாப் போதுமுங்க."

ரபியாவுக்குக் கலியாணம் நின்றுவிடுமோ என்ற பயம் கொஞ்சம்தான். ஹனீபா அப்படி விட்டுவிடுகிற ஆள் இல்லை. அவளைத் தின்றுகொண்டிருந்தது வேறு. தம்பி வரவில்லை என்றால், நாளைக்கு மனசு சரியில்லை என்று ஒரு நாள் போய் நிற்க உலகத்தில் அவளுக்கு ஒரு வாசற்படி கிடையாது. கடையும் வீடும் புருஷனும் மகளும் மலை மேலே இருந்தன. அவள் மலை மேலே வருவதற்கு முன்னால் யாராக இருந்தாள் என்பதற்கு ரஹமத்துல்லா ஒருவன்தான் மிச்சம்.

கலியாணத்துக்கு முந்தின வாரம் அவள் தனியாகச் சேலத்துக்கு இறங்கினாள். தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, கொஞ்சம் கல்கண்டு. பாலத்தைக் கடந்து, சந்தில் இறங்கி, வாசலில் நின்று ஸலாம் சொன்னாள். ரஹமத்துல்லா கடைக்குள் குடைத்துணி வெட்டிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமல், இது மூன்றாம் மனுஷர் வீடு, அழைப்புக்கெல்லாம் இங்கே ஆள் இல்லை என்றான். அவள் தட்டை நீட்டினாள். அவன் கையை நீட்டவில்லை. உன் வீட்டுத் தண்ணீர் இனி என் தொண்டையில் இறங்காது என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போனான். தம்பி பெண்சாதி கதவுக்குப் பின்னாலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு, போய்விடுங்கள் என்று கையைக் காட்டினாள்.

இப்போது ஒரு சங்கடம். அழைப்புக்கென்று எடுத்த பாக்கை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் காரியம் விளங்காது என்பது அங்கே எல்லா ஜாதி மதத்துக்கும் பொதுவான பயம். ஆற்றில் எறியவும் கூடாது. யாருக்காவது வைத்தாக வேண்டும். வைத்தால் சும்மா வைக்க முடியாது, நாள் சொல்லி, வாயால் அழைத்துத்தான் வைக்க வேண்டும். ரபியா பாலத்தின் நடுவில் வந்து நின்றாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். தெரிந்த முகம் ஒன்றும் இல்லை. அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது. யாரும் பார்ப்பதற்குள் முடித்துவிட வேண்டுமென்று கைப்பிடிச் சுவரின் மேல் வெற்றிலை பாக்கை வைத்து, மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிப்போன வார்த்தைகளை அப்படியே சொன்னாள்.

"வர்ற ஞாயித்துக்கெழம எங்க ஊட்டுல கலியாணமுங்க. குடும்பத்தோட வந்து நடத்திக் குடுக்கோணுமுங்க."

முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பினால் சுவரின் மேல் பாக்கு இல்லை. ஏதாவது ஆடு தின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

ஏற்காட்டில் அவள் வீடு தலைச்சோலை போகிற வழியில், ஒரு காப்பித் தோட்டத்தை ஒட்டி இருந்தது. தோட்டம் பொன்னுவேலுடையது. தலைமுறை தலைமுறையாக மலையிலேயே இருக்கிற குடும்பம். காப்பியும் ஆரஞ்சும் போட்டு, வீட்டுக்கு வேண்டிய சாமையும் விதைத்துக்கொள்வார்கள். பாலம் வந்த வியாழக்கிழமை அவர் மனைவி வெள்ளையம்மாள்தான் முதலில் பார்த்தாள். வேலிக்கு இந்தப் பக்கம் வந்து, ஏனுங்க ரபியாம்மா, உங்க ஊருப் பாலம் வந்திருக்குதுங்க, எங்கே நிறுத்தச் சொல்லட்டும் என்று கேட்டாள். ரபியா வெளியே வந்து பார்த்தாள். பாலம் ரோட்டில் மரியாதையாக ஒதுங்கி நின்றிருந்தது. ஏறிவந்த களைப்பில் கல் இடுக்கிலெல்லாம் தூசி. பிறகு தலையில் துணியை இழுத்து விட்டுக்கொண்டு, வாங்க வாங்க என்றாள். வந்தவர்களைப் பார்த்து வாங்க என்று சொல்லாமல் நிற்பது அவளால் ஆகாத காரியம்.

காப்பிச் செடிக்குச் சேதம் வராமல், தோட்டத்தின் இரண்டு மேட்டுக்கும் நடுவில், சில்வர் ஓக் மரங்கள் விட்ட இடைவெளியில் பாலம் தன்னைப் பொருத்திக்கொண்டது. அது உட்கார்ந்து சற்று நேரத்தில் கீழே ஐந்து கண்ணிலும் தண்ணீர் ஓடத் தொடங்கியது. எங்கிருந்தும் வரவில்லை, எங்கேயும் போகவில்லை. பாலத்தின் நிழல் விழுகிற அகலத்துக்கு மட்டும் ஓடியது. டவுனில் இப்போது ஓடுகிற தண்ணீர் இல்லை அது. ரபியா சின்னப் பெண்ணாக இருந்தபோது ஓடிய தண்ணீர். அடியில் மணல் தெரிந்தது, அயிரை மீன் தெரிந்தது. வெள்ளையம்மாள் ஒரு குடம் மொண்டு, சமையலுக்கு ஆகும் என்று ருசி பார்த்துச் சொன்னாள். ராசம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டுத் தன் நியாயத்தைச் சொன்னாள். பாலம் எழுந்திருக்கிறது என்று தெரிந்ததும் மற்றவர்கள் இறங்கி ஓடிவிட்டார்கள். தான் இறங்கினால் அந்த இடத்தைச் சீப்பு விற்கிறவன் பிடித்துக்கொள்வான், அதனால் அசையவில்லை என்றாள். கலியாணத்துக்கு வேண்டிய பூ மொத்தமும் அவள் கூடையிலிருந்தே வந்தது, கூடை குறையவும் இல்லை.

வெள்ளிக்கிழமை கதீஜா அடிவாரத்திலிருந்து வந்து சேர்ந்தாள். மாமன் எங்கே என்று கேட்டாள். ரபியா பாலத்தைக் காட்டினாள். இது சரிப்படுமா என்று பேச்சு எழுந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத்தைக் கேட்டார்கள். நிக்காஹுக்குப் பெண்ணின் அத்தா சம்மதமும் சாட்சிகளும் இருந்தால் போதும், மாமன் கைப்பிடிப்பது நீங்களாக வைத்துக்கொண்டது, அதை நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். கதீஜா பாலத்தின் மேல் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் இரண்டு நடை நடந்தாள். பாக்கு யார் எடுத்தது என்று கேட்டாள். நடுவில், கைப்பிடிச் சுவரில், வெற்றிலைச் சாறு பட்ட சிவப்பு காயாமல் இருந்தது. அதை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, பாக்கு எடுத்தவங்க சொன்ன நாளுக்கு வந்துட்டாங்க, வேறென்ன வேணும் என்று சொல்லிச் சமையல் எப்படிப் போகிறது என்று பார்க்கப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள் பந்தலைப் பாலத்தின் மறுமுனைக்கு மாற்றிப் போட்டார்கள். ஜமீலா சிவப்புப் பட்டில் கைப்பிடிச் சுவரின் மேல் கையை வைத்துக்கொண்டு, இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடந்து பந்தலுக்கு வந்தாள். அவளுக்கு உள்ளங்கையில் கல் சூடாக இருந்ததாம். பனி இறங்கிக் குளிராக இருந்த காலையில் அது அவளுக்குத் தைரியமாக இருந்தது என்று பிற்பாடு சொன்னாள். நெய்ச்சோறும் கறியும் தால்ச்சாவுமாக விருந்து நடந்தது. பாலத்துக்கும் ஒரு தட்டு வைத்தார்கள். காக்கைகள் வந்து காலி செய்ததைப் பாலம் சாப்பிட்டதாகவே எடுத்துக்கொண்டார்கள். எல்லாரும் ரபியாவிடம், உன் பிறந்த வீட்டுக்காரர்கள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் பார் என்றார்கள். ரபியா சிரித்தாள். கலியாணம் குறைவில்லாமல் முடிந்தது. ஆனாலும் பந்தி நடக்கிற போதெல்லாம் அவள் கண் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. பாலம் வந்ததற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், தம்பி வராததுதான் நெஞ்சில் நின்றது.

திங்கட்கிழமை பாலத்தை வழியனுப்பினார்கள். தாய்வீட்டு ஆட்களை அனுப்புகிற முறைப்படி பலகாரம் கட்டி வைத்து, போயிட்டு வாங்க என்று ரபியா சொன்னாள். பாலம் போகவில்லை. செவ்வாய்க்கிழமையும் சொன்னாள். போகவில்லை. கீழே டவுனில் நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தது. கிழக்குக் கரையில் இருந்தவர்கள் கடைவீதிக்கு வர வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள், இல்லையென்றால் ஊரைச் சுற்றினார்கள். வெளியூரிலிருந்து பாலம் பார்க்க வந்தவர்கள் வெறும் காற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். டவுனிலிருந்து ஒரு இன்ஜினீயர் சங்கிலியும் ஆட்களுமாக மலைக்கு வந்து பாலத்தை அளந்தார். இருக்க வேண்டியதற்கு ஒரு முழம் குறைந்தது. குளிரில் சுருங்கியிருக்கும் என்று பொன்னுவேல் சொன்னதை அவர் மறுக்கவில்லை. இரண்டு டிராக்டரைக் கட்டி இழுத்துப் பார்த்தார்; டிராக்டர்தான் பின்னால் வந்தது. கடைசியில் அவர் ரபியாவிடம், உங்கள் விருந்தாளி, நீங்களே எழுப்பி அனுப்புங்கள் அம்மா என்று கேட்டுக்கொண்டார். வந்தவர்களை எழுந்து போ என்று சொல்கிற நாக்கு தனக்கு இல்லை என்று அவள் சொல்லிவிட்டாள். நியாயம்தானே என்று இன்ஜினீயரும் காப்பி குடித்துவிட்டு இறங்கினார்.

வெள்ளையம்மாள்தான் விஷயத்தைக் கண்டுபிடித்தாள். வேலி ஓரத்தில் நின்று, நீங்க பாக்கு வெச்சப்ப என்ன சொல்லி வெச்சீங்க என்று கேட்டாள். ரபியா சொன்ன வார்த்தையைத் திருப்பிச் சொன்னாள். வெள்ளையம்மாள் தலையை ஆட்டினாள்.

"குடும்பத்தோடன்னு சொல்லிக் கூப்புட்டீங்கல்லொ. அவங்க குடும்பத்துல ஒருத்தரு இன்னும் சாப்புடலைங்களே. அப்பறம் எப்படி எந்திரிப்பாங்க?"

ரபியாவுக்கு அது பளிச்சென்று புரிந்தது. பந்தியில் ஒருவர் இலையில் கை வைக்காமல் இருக்கும்போது மற்றவர்கள் எழுந்திருப்பது அவர்கள் யாருடைய வீட்டிலும் கிடையாது. பாலம் யாரை எண்ணிக் குடும்பம் என்று வைத்திருக்கிறது என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் இல்லை. லூர்துராஜ் மறுநாள் முதல் நடையில் சேதியைக் கீழே கொண்டுபோனார். டவுனே திரும்பி ரஹமத்துல்லாவைப் பார்த்தது. பாலம் இல்லாததால் அவனுக்குத் தனியாக நஷ்டம் ஒன்றும் இருக்கவில்லை. மாசியில் குடை வாங்க யார் வரப்போகிறார்கள்? அதனால் அவன் மற்றவர்களைவிட இரண்டு நாள் அதிகமாக வீம்பு பிடிக்க முடிந்தது. ஆனால் பால்காரர் பேசவில்லை, பக்கத்துக் கடைக்காரர்கள் பேசவில்லை. கடைசியில் கரிக்கட்டியால் அவன் கடைக்கதவில் யாரோ ஒரு பாலம் வரைந்துவிட்டுப் போனார்கள். அவன் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.

ரஹமத்துல்லா அக்கா வீட்டு வாசலுக்குப் போகவில்லை. தோட்டத்து வழியாக நேரே பாலத்தின் மேல் ஏறி நின்றான். கலியாணத்துக்கு வரவில்லை, பாலத்தைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறேன் என்று யாரும் கேட்காமலே பொன்னுவேலிடம் சொன்னான். பாலத்தைப் பார்த்து, போலாம் வா என்றான். அது அசையவில்லை. காலால் தட்டினான். அதட்டினான். அத்தா பெயரைச் சொல்லிக்கூட அதட்டினான். மத்தியானம் வரைக்கும் வெயிலில் நின்றான். அப்துல் மஜீத் போய் வீட்டுக்குள் வரச் சொன்னார். மறுவீட்டுக்கு வந்திருந்த ஜமீலாவும் ஹனீபாவும் போய் ஸலாம் சொன்னார்கள். புது மாப்பிள்ளைக்கு மட்டும் கை கொடுத்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்தபடி இருந்தான். அந்தத் தண்ணீரை அவனுக்கு அடையாளம் தெரிந்தது.

வீட்டு ஜன்னலிலிருந்து ரபியா அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டை முதுகு முழுக்க வேர்த்திருந்தது. பசித்தால் அவனுக்கு இடது தோள் லேசாகத் தொங்கும். ஆறு வயதிலும் அப்படித்தான். அவள் அடுப்பை மூட்டினாள். பாலத்துக் கீழே போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வந்து அதிலேயே சோறு வைத்தாள், அதிலேயே பருப்பு வேகவைத்தாள். தட்டும் டம்ளருமாகப் பாலத்தின் மேல் ஏறி அவன் பக்கத்தில் சுவரின் மேல் வைத்தாள். அவன் திரும்பவில்லை. உன் வீட்டுத் தண்ணீர் இறங்காது என்று சொன்னது சொன்னதுதான் என்றான்.

"இது எங்க ஊட்டுத் தண்ணி இல்ல தம்பி. நம்ம ஆத்துத் தண்ணி. நீ நிக்கிறதும் எங்க ஊடு இல்ல."

அவன் டம்ளருக்குள் குனிந்து பார்த்தான். பிறகு டம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். குடித்துவிட்டு, காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, பையனுக்குப் பெண் கொடுக்கவில்லை என்பது தனக்கு இரண்டு நாளில் ஆறிவிட்டது என்றான். பையனுக்கே அதில் அக்கறை இல்லை. ஆனால் குடைக்கு வந்தவன் வாயால் கேட்டது இன்னும் ஆறவில்லை என்றான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லக்கா."

"கேக்கல. நீ சத்தம் போடுவேன்னு பயந்துட்டேன். என் தப்புத்தான்."

"சத்தம் போட்டிருப்பேன். போட்டுட்டு வந்திருப்பேன்."

ரபியாவால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்து, தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தான். பருப்பில் உப்புக் குறைச்சல் என்று சொன்னான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆத்துத் தண்ணிக்கு அப்படித்தான் இருக்கும் என்றாள். அவன் கடைசிப் பருக்கையை வழித்து வாயில் போட்டபோது பாலம் ஒரு தடவை குலுங்கி, தோட்டத்து மேட்டிலிருந்து முதல் தூணை எடுத்தது. கீழே தண்ணீர் சுருட்டிக்கொண்டது. ராசம்மாள் எங்கேயோ பேசிக்கொண்டிருந்தவள் கூடையோடு ஓடிவந்து தொற்றிக்கொண்டாள்.

அதற்குப் பிறகான வருஷங்களில் பாலம் ஏற்காட்டுக்குப் பல தடவை வந்து போயிருக்கிறது. ஜமீலாவின் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தபோது வந்தது, அப்துல் மஜீத் காலமானபோது கூப்பிடாமலே வந்து தோட்டத்தில் தலைகுனிந்து நின்றது. காலையில் ஆற்றின் மேல் பாலத்தைக் காணோம் என்றால், மேலே ஏதோ விசேஷம் என்று சொல்லிவிட்டு டவுன்காரர்கள் ஊரைச் சுற்றிப் போகப் பழகிக்கொண்டார்கள். மலைப்பாதையில் டிரைவர்கள் புதுசாக வேலைக்கு வருகிறவர்களிடம் யானைக்கும் பாலத்துக்கும் ஹாரன் அடிக்காதே என்று சொல்லி வைப்பார்கள். அதெல்லாம் பிறகு. அன்றைக்கு நடந்ததில் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. பாலம் எழுந்தபோது ரபியா இறங்கவில்லை. இறங்க நேரம் இருந்தது. முதலில் அது மெதுவாகத்தான் நகர்ந்தது, ஹனீபா கூடக் கையை நீட்டிக்கொண்டு பக்கத்திலேயே ஓடிவந்தான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பஜாரைக் கடக்கும்போது கடையிலிருந்து அப்துல் மஜீத் எட்டிப் பார்த்தார். எங்கே போகிறாய் என்று கேட்டார்.

"எங்கம்மா ஊட்டுக்குங்க. சோறு மூடி வெச்சிருக்கறேன்."

எப்போது வருவாய் என்று அவர் கேட்டது அவள் காதில் விழுந்திருக்கும். பதில் சொல்வதற்குள் பாலம் வளைவில் திரும்பிவிட்டது. மறுநாள் விடிந்ததும் சேலத்தில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் பால் கேன் கட்டிய சைக்கிள்களும் மூட்டை சுமக்கிறவர்களும் பாலத்தின் மேல் எப்போதும்போல நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். ரபியா தலைகூட வாராமல் தம்பி வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து, போகிறவர்களில் யார் யாரைத் தனக்குத் தெரியும் என்று தம்பி பெண்சாதியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.